மேனேஜரின் உச்சந்தலை

டொக். அவ்வளவுதான் சத்தம். ஒரு பலகை ஒரு கோழியின் தலையில் விழுந்தால் அதற்கு மேல் என்ன சத்தம் வந்துவிடப் போகிறது? ஆனால் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது காதுக்குள் இடி விழுந்த மாதிரி கேட்டது.

காலை ஏழு மணி. வாசலில் வேன் நிற்கிறது. பறவைக் கண்காட்சிக்குக் கிளம்ப வேண்டும். மனைவி உள்ளே வேன் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இவனுக்கு இட்ட வேலை ஒன்றே ஒன்று: பெட்டியைத் தூக்கி வேனில் வைக்க வேண்டும், திறக்கக் கூடாது. மனுஷன் சும்மா இருந்தானா? உள்ளே காற்று போகிறதா பார்க்கிறேன் பேர்வழி என்று மூடியைத் தூக்கினான். கோழி தலையை நீட்டியது. மூடி கையை விட்டு நழுவியது. டொக்.

கோழியின் பெயர் மேனேஜர். வைத்தவன் இவன்தான். வேலை எதுவும் செய்யாமல் மற்ற கோழிகள் கிளறுவதைச் சுற்றிச் சுற்றி மேற்பார்வை பார்க்கும். மாதத்துக்கு நாலு முட்டை இட்டால் அதிகம். வெள்ளை சில்க்கி இனம். மற்ற கோழிக்கு இருக்கிற மாதிரி இறகு கிடையாது, உடம்பு முழுக்கப் பஞ்சு. காலில் ஐந்து விரல், பஞ்சுக்கு அடியில் கருத்த தோல், தலையில் கண்ணை மறைக்கிற கொண்டை. அந்தக் கொண்டைக்குக் கீழேதான் ஆபத்தே இருக்கிறது. இந்த இனத்தில் கொண்டை பெரிதாக உள்ள கோழிக்குப் பெரும்பாலும் மண்டை ஓடு உச்சியில் மூடுவதில்லை. பச்சைக் குழந்தையின் உச்சி மாதிரி மெத்தென்று இருக்கும். இன்னொரு கோழி ஓங்கி ஒரு கொத்து கொத்தினால் கதை முடிந்தது. மனைவி இதை அவனிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

மேனேஜர் தலையை ஒரு உதறு உதறியது. உட்கார்ந்தது. எழுந்தது. இவனை முறைத்தது. "ஒண்ணும் ஆகலை. ஒண்ணுமே ஆகலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியைப் போட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினான்.

இருபது மாடிக் கட்டடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன். கீழே பார்த்தால் நமக்குத் தலை சுற்றும், அவன் அங்கே நின்று விசில் அடிப்பான். அப்பேர்ப்பட்டவனுக்கு மனைவி என்றால் மட்டும் ஏன் குலை நடுங்குகிறது? அவள் கத்துகிறவள் இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், முப்பது பிள்ளைகளின் கூச்சலை ஒரு பார்வையில் அடக்குகிறவள். போன வருஷம் இவன் டிரில் மெஷினுக்கு சார்ஜ் போட இடமில்லை என்று குஞ்சு பொரிக்கும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். திரும்ப மாட்ட மறந்துபோனான். பத்தொன்பது முட்டை, பதினெட்டாம் நாள். உள்ளே எல்லாம் உருவாகி முடிந்த குஞ்சுகள். அவள் திட்டவில்லை, அழக்கூட இல்லை. நாற்பது நாள் இவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு வரும், துவைத்த துணி வரும், பேச்சு வராது. அந்த வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தம் இன்னும் இவன் காதை விட்டுப் போகவில்லை. நாற்பத்தோராம் நாள் அவள் சொன்ன முதல் வாக்கியம், "இனிமே என் கோழிங்க மேல உங்க கை படக்கூடாது."

கண்காட்சிக் கூடத்தில் வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். மரத்தூள் வாசனை. முந்நூற்றுப் பன்னிரண்டு பறவைகள் என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்துக் கூண்டுக்காரர் ஒரு ரிடையரான தபால்காரர். காலில் பூட்ஸ் போட்ட மாதிரி இறகு முளைத்த கோழி ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் அதன் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வெள்ளைக்காரிக்குத்தாம்மா இந்த வருஷம் கோப்பை" என்றார்.

"கண்ணு வைக்காதீங்கண்ணே" என்று சிரித்தாள் மனைவி. நேற்றுக் குழந்தை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, ஹேர் டிரையரில் ஒன்றரை மணி நேரம் உலர்த்திய கோழி. கொண்டையைச் சீப்பால் மெல்லத் தூக்கிவிட்டாள். சட்டென்று அவள் கை நின்றது.

"ஏங்க, இங்க பாருங்களேன்."

மேனேஜரின் தலை லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. நேராக்கினாள். மறுபடி சாய்ந்தது. பிறகு கழுத்து மெதுவாக முறுக்கிக்கொண்டே போய், அலகு கூரையைப் பார்த்தது. கோழி இரண்டடி பின்னால் நடந்து கம்பியில் முட்டிக்கொண்டது.

இவனுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. காலையில் விழுந்த அந்த டொக் இப்போதுதான் வேலையைக் காட்டுகிறது.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த வாய்க்கு என்ன கேடு? திறந்தான், மூடினான். அதற்குள் மனைவி கையைத் தூக்கி உரக்கக் கூப்பிட்டாள். "டாக்டர்! கொஞ்சம் இங்க வாங்க!" மறைக்கத் தெரியாதவள். தன் கோழிக்கு நோய் என்றால் அடுத்தவன் கோழிக்கு ஒட்டிவிடுமே என்றுதான் முதலில் நினைப்பாள்.

கண்காட்சிக்குப் பொறுப்பான கால்நடை டாக்டரம்மா கூண்டுக்கு முன்னால் வந்ததும் முகம் மாறினார். கையுறையை எடுத்து மாட்டினார். "கதவைச் சாத்தச் சொல்லுங்க. ஒரு பறவைகூட வெளிய போகக்கூடாது" என்றார் வாசலில் நின்றவரிடம்.

"தடுப்பூசி போட்டிருக்கேன் டாக்டர், அட்டை இருக்கு."

"போட்டாலும் சில சமயம் வருதும்மா. கழுத்து கோணிச்சுன்னா நான் முதல்ல வெள்ளைக்கழிச்சலைத்தான் சந்தேகப்படணும். அது ஒட்டுவாரொட்டி. அதுவா இருந்தா இந்தக் கூடத்துல ஒண்ணைக்கூட உயிரோட விடமாட்டாங்க."

தபால்காரர் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. "என்னோடதுமா?" என்றார். செய்தி வரிசை வரிசையாகப் பரவி, எங்கும் ஒரே முணுமுணுப்பு. ஒரு பெண் தன் சேவலைச் சேலைக்குள் மறைத்து அணைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கேட்டார். "ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்கு இது எங்கயாவது விழுந்துச்சா? தலையில அடி ஏதும் பட்டுச்சா?"

"வாய்ப்பே இல்ல டாக்டர். பெட்டியில வைச்சு மூடினது நான். இவர் தூக்கி வேன்ல வைச்சார், அவ்வளவுதான்." அவள் திரும்பினாள். "ஏங்க, எங்கயும் இடிக்கலையே?"

எல்லாருடைய கண்ணும் இவன் மேல். மனைவியின் கண்ணை மட்டும்தான் இவன் பார்த்தான். அதில் சந்தேகமே இல்லை. அதுதான் இவனைக் கொன்றது. ஆமாம் என்று சொன்னால் அந்தக் கண் அணைந்துவிடும். மறுபடி நாற்பது நாள். நாற்பதோடு நிற்குமா என்பது யாருக்குத் தெரியும்?

"இல்ல" என்றான்.

அட மனுஷா!

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "அப்ப வேற வழியில்லம்மா. மூளையை ஆய்வுக்கு அனுப்பினாத்தான் சீக்கிரம் தெரியும். இந்தக் கோழியை இப்பவே... நான் வலிக்காமப் பண்ணிடுவேன். உங்க சம்மதம் வேணும்."

மனைவி கூண்டைப் பார்த்தாள். தபால்காரரைப் பார்த்தாள், சேலைக்குள் சேவலை வைத்திருந்தவளைப் பார்த்தாள். "இத்தனை பேரோடதும் போறதுக்கு என்னோடது ஒண்ணு போகட்டும்" என்றாள். குரல் உடையவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கூண்டைத் திறந்து மேனேஜரை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, கொண்டையைத் தொடாமல் முதுகை மட்டும் தடவினாள். கோழி தலைகீழாக அவள் முகத்தைப் பார்த்தது.

டாக்டரம்மா பையைத் திறந்தார்.

ஒருமுறை லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் மூன்று மாடி கீழே வந்தபோதுகூட இவன் இவ்வளவு பயந்ததில்லை. ஊசிக் குப்பி வெளியே வந்தது. கை மட்டும் எப்படியோ நீண்டு அந்தப் பையை மூடியது.

"நான்தான்" என்றான்.

"என்ன நீங்கதான்?"

"மூடி... மூடி விழுந்துச்சு டாக்டர். தலை மேல. காலையில. டொக்குன்னு."

டாக்டரம்மா குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கொண்டைப் பஞ்சை இரண்டு விரலால் விலக்கினார். கருத்த தோலில் ஒரு சுண்டைக்காய் அளவுக்கு வீக்கம். தொட்டதும் கோழி துடித்தது. மூச்சைப் பார்த்தார், எச்சத்தைப் பார்த்தார், அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்தார். அப்புறம் இவனைப் பார்த்தார்.

"நான் கேட்டேனா இல்லையா? கேட்டேனா இல்லையாய்யா? ரெண்டு நிமிஷம் போயிருந்தா நான் ஒரு பாவத்தைப் பண்ணியிருப்பேன்!"

"பயம் டாக்டர்."

"பயமா? யாருக்கு?"

இவன் கண் எங்கே போயிற்று என்பதைக் கூடமே பார்த்தது. மனைவியும் பார்த்தாள்.

கதவைத் திறந்துவிட்டார்கள். கோழியைப் போட்டியிலிருந்து எடுத்தாயிற்று. இரண்டு நாள் தனியாக, இருட்டான பெட்டியில், இரண்டு மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. தலையை நேராகப் பிடித்துக்கொண்டு ஊட்ட வேண்டும். "பொழைச்சுடும்னு சொல்ல மாட்டேன். பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. தபால்காரர் இவனைத் திட்டத்தான் வந்தார். வந்தவர் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேனுக்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வேனில் ஏறினார்கள். அவள் துண்டில் சுற்றிய கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பவில்லை. பேசவில்லை. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தான் இவன். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் நாளைக்கூட எண்ண ஆரம்பித்துவிட்டான்.

"கையெழுத்துப் போட்டேன்" என்றாள் அவள்.

இவன் திடுக்கிட்டான்.

"இதைக் கொல்றதுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். நீங்க பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தீங்க."

"ஆமா."

"முந்நூறு கோழி. அந்தத் தபால்கார அண்ணன் கையிலேருந்து பிரஷ்ஷே விழுந்துச்சு! அதெல்லாம் பார்த்தும் வாய் வரலையா?"

"வரலை. நீ மறுபடி பேசாம இருந்துடுவியோன்னு..." மூக்கை உறிஞ்சினான்.

"அது ஒரு கோபம். அவ்வளவுதானே" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளுக்கே அது அவ்வளவுதான் என்று படவில்லை போலிருக்கிறது. "அவ்வளவு பயமாவா இருந்துச்சு?"

"வீட்டுக்கு வரவே பயமா இருந்துச்சு. சாயங்காலம் வேலை முடிஞ்சும் லிஃப்ட்டுக்கு உள்ளயே உட்கார்ந்திருப்பேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தை அவன் பார்த்தது அன்றைக்குத்தான். கோழி செத்துவிடுமோ என்ற பயம் இல்லை அது. தன்னையே பார்த்து மிரண்ட முகம்.

பிறகு மணியைப் பார்த்தாள். "மருந்து நேரம். நான் சொட்டு விடணும், தலையைப் பிடிக்க ஆள் வேணும்."

"நானா? கை படக்கூடாதுன்னு..."

"பிடிங்க."

துண்டோடு கோழியை அவன் மடியில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் அந்தப் பஞ்சுத் தலையை ஏந்தினான். விரல் நுனிக்கடியில் எலும்பில்லாத அந்த இடம் சூடாக, மெத்தென்று துடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் மெதுவா" என்றாள் அவள். "பேசிக்கிட்டே இருங்க. நானும் பேசறேன்."