எல்லாப் படத்திலும் அண்ணை

தொண்டைமானாற்றுப் பிரகலாதன் தன் தங்கை நிவேதனாவின் கலியாணத்துக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கலியாணத்தில் எடுத்த நாலாயிரத்துச் சொச்சம் படங்களிலும் நின்றான். மாப்பிள்ளை காரில் இருந்து இறங்கும் படத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றான். சமையற்கட்டில் அப்பளம் பொரிக்கும் படத்தில் ஒரு துண்டை முறித்து வாயில் வைத்தபடி நின்றான். அன்றைக்கு அவன் பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்ததற்கு அந்தக் கடையே சாட்சி. இரண்டும் உண்மை என்பதால் ஊர் இரண்டில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவன் போய்ப் பதினொரு வருடம். அகதி வழக்கு இரண்டு தரம் தள்ளுபடியாகி மூன்றாம் தரம் இழுபட்டுக்கொண்டிருந்தது. விசா இல்லாமல் வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. தகப்பன் இல்லாத வீடு. பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழனாக நின்று கால் கழுவ வேண்டும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும், பிறகு அக்கினிக்கு முன்னால் தங்கையின் கையில் பொரி அள்ளிப் போட வேண்டும். அண்ணன் வரட்டும் என்று நிவேதனா மூன்று வருடம் கலியாணத்தைத் தள்ளிப் போட்டாள். கடைசியில் அவனே போனில் ஏசி நாள் வைக்கச் சொன்னான். சித்தப்பா மகன் பிரகாஸ் தோழனாக நின்றான். அவன் பொரி போட்டபோது நிவேதனாவின் கை நடுங்கிப் பாதி கீழே கொட்டியது. தாய் தங்கமுத்து அதைப் பார்க்காதது போலச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அவள் அழுததை எல்லோரும் கண்டார்கள்.

நிவேதனா ஸ்ரூடியோவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: குடும்பப் படத்தில் அண்ணனை ஒட்டித் தர வேண்டும். இது இங்கே புதினமில்லை. வீட்டுக்கு ஒருவர் வெளியில் இருக்கும் ஊரில் படம் ஒட்டத் தெரியாத ஸ்ரூடியோ பிழைக்காது. பிரகலாதன் கடைச் சுவரோரம் நின்று குளிர்ச் சட்டையோடு ஒரு படம் எடுத்து அனுப்பினான். அச்சுவேலியில் சண்முகநாதனின் ஸ்ரூடியோவில் கொம்பியூட்டர் வேலை பார்த்தவள் கஜந்தினி. கைசுறுக்கானவள். அவள் வருமுன் ஒரு கலியாணத்தின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வெளிச்சம் கூட்டி, அளவு குறைத்து, சேமித்து முடிக்க, பெண்ணுக்கு வளைகாப்பு வந்துவிடும். அவள் அதை ‘பட்ச்’ போட்டுச் செய்தாள். ஒரு படத்தில் செய்வதை முதலில் கொம்பியூட்டரைப் பார்த்துப் பதியச் சொல்வாள். பிறகு முழுப் படத்தையும் அதன் தலையில் கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவாள். அன்று குடும்பப் படத்தில் பிரகலாதனை ஒட்டியபோது, பதிவதை நிறுத்த மறந்துபோனாள். அந்தப் பதிவோடேயே முழுக் கலியாணத்துக்கும் பட்ச் போட்டாள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது போல, பழைய படங்களுக்கு மேலேயே சேமிக்கவும் சொல்லிவிட்டாள்.

திரும்பி வந்து பார்த்தவள் கிளாஸைக் கீழே வைக்க மறந்து நின்றாள். ஒரே ஆள் ஒரே நிலையில் நாலாயிரம் தரம் நின்றிருந்தால் அது வெறும் பிழை. பிரகலாதன் அப்படி நிற்கவில்லை. முதல் படங்களில் குளிர்ச் சட்டையோடு கூச்சமாக ஓரத்தில் நின்றவன், போகப் போக வியர்த்து, சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, யாரிடமோ வேட்டி வாங்கிக் கட்டியிருந்தான். குனிந்து மாப்பிள்ளை பிரவீணனின் காலைக் கழுவினான். பொரி போடும் படத்தில் நிவேதனாவின் கை நடுங்கவேயில்லை. பிரகாஸ் பின்வரிசையில் நின்று வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கஜந்தினி இதை முதலாளியிடம் சொல்ல, அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்து, “வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு” என்று மட்டும் சொன்னார்.

அதே நேரத்தில் பாரிஸில் பிரகலாதனின் உடம்பில் ஓமப் புகை மணந்தது. கையில் மாப்பிள்ளை போட்ட மோதிரம் இருந்தது. கலியாணம் முழுவதும் அவனுக்கு நினைவிருந்தது, நின்று பார்த்தவனுக்கு இருப்பது போல. அவன் தாய்க்குப் போன் எடுத்து, “அம்மா, பருப்புக்கு உப்புக் காணாது. நான் அங்கையே சொல்லியிருப்பன், சபையில வேண்டாமெண்டு விட்டனான்” என்றான். உப்புக் காணாதது மெய். தங்கமுத்து போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஓம் மோனை, நானும் பாத்தனான்” என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்படியில் இருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பதினொரு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் என்று அக்கம்பக்கம் சொன்னது.

இதெல்லாம் இப்படியே நல்லபடி போயிருக்கும், பிரகாஸின் விரலில் மோதிரம் காணாமற்போகாமல் இருந்திருந்தால். அவன் ஸ்ரூடியோவுக்கு வந்து மேசையில் கையை விரித்துக் காட்டினான். “அண்ணை, கால் கழுவினது நான். குனிஞ்சு முதுகு பிடிச்சதும் எனக்குத்தான். மோதிரம் மட்டும் பாரிஸுக்கோ?” அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சண்முகநாதன் யோசித்தார். கமராவின் கார்ட்டில் மூலப் படங்கள் அழியாமல் இருந்தன. தொழில் என்றால் நடந்ததைத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, முதலில் இருந்து பட்ச் போடச் சொன்னார். கஜந்தினிக்கு மனமில்லை. ஆனாலும் போட்டாள். காலைப் படங்களில் இருந்து தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக அண்ணன் இல்லாத படம் வந்து அண்ணன் நின்ற படத்தின் மேல் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரூடியோ போனுக்குப் பிரான்ஸில் இருந்து அழைப்பு வந்தது. கஜந்தினி எடுத்தாள்.

“தங்கச்சி, நான் பிரகலாதன் கதைக்கிறன். நீங்கள் அங்கை என்னவோ செய்யிறியள். விடியத் தொடக்கம் ஒண்டொண்டாப் போகுது. குடை பிடிச்சது போயிட்டுது. கால் கழுவினது இப்ப போயிட்டுது, மோதிரத்தையும் காணேல்லை. மோதிரம் போகட்டும். பொரி போட்டதை மட்டும் எடுத்துப் போடாதேங்கோ. எனக்கு அது வேணும்.”

கஜந்தினி நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். கொம்பியூட்டர் கேட்கவில்லை, வேகமாக வேலை செய்யும் என்று அவளே பெருமைப்பட்ட கொம்பியூட்டர் அது. “அண்ணை, நிக்குதில்லை” என்று அவள் கத்த, தொழில் என்று பேசிய சண்முகநாதன் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடி வந்து சுவரில் இருந்து வயரைப் பிடுங்கினார். அதனாலும் நிற்கவில்லை. மின்சாரம் போனால் தாங்குவதற்கென்று வாங்கிவைத்த பற்றரிப் பெட்டி கீக் கீக் என்று கத்திக்கொண்டு தாங்கியது. கூறைச் சேலை கொடுத்தது போனது. தாலி கட்டியது போனது. சண்முகநாதன் மேசைக்குக் கீழே தவழ்ந்து போய்ப் பெட்டியின் வாலையும் இழுத்தார். திரை கறுத்தது.

“தம்பி, பொரி நிக்குதோ?” என்று அவர் மேசைக்கு அடியில் இருந்தே கேட்டார். “நிக்குது அண்ணை. அவளின்ரை கை சுடுது” என்றான் பிரகலாதன். கஜந்தினி விம்மி அழுதாள். சண்முகநாதன் எதையோ தேடுபவர் போலக் கனநேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தார்.

இப்படியாகப் பிரகலாதன் தங்கையின் கலியாணத்துக்குப் பிந்தி வந்தவனாக ஊரில் நிலைத்தான். மோதிரம் பிரகாஸின் விரலுக்குத் திரும்பியது. அவனும் அதற்குமேல் குறை சொல்லவில்லை. அல்பத்தைப் பார்க்கும் பெண்டுகள் பாதி வரைக்கும் “எங்கை இவன் தமையன்காரன்?” என்று தேடி, பொரிப் படத்தில் அவனைக் கண்டதும், “தாலி கட்டி முடியவோ வாறது?” என்று செல்லமாக ஏசுவார்கள். தாலி கட்டியதைக் காணவில்லை என்று அவன் கவலைப்பட்டபோது நிவேதனா போனில் சொன்னாள்: “அண்ணை, எனக்கும் ஒண்டும் தெரியேல்லை, ஒரே புகை. நீங்கள் வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு வடிவா ஞாபகம்.” அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல. கஜந்தினி அந்தப் படங்களை மூன்று இடத்தில் சேமித்து வைத்தாள். ஸ்ரூடியோவில் படம் ஒட்டும் வேலைக்கு முன் இப்போதும் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: ஆளை ஒரு படத்தில் வைக்கவோ, எல்லாவற்றிலுமோ. பலர் எல்லாவற்றிலும் என்கிறார்கள். சிலர் யோசித்துவிட்டு, சாப்பாட்டோடு போதும் என்கிறார்கள்.

விசா கிடைக்க இன்னும் நாலு வருடம் சென்றது. பிரகலாதன் பலாலியில் இறங்கி ஓட்டோவில் வந்தபோது, ஒப்பாரியை எதிர்பார்த்துப் படலையடியில் சனம் கூடியிருந்தது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு பிள்ளையைக் காணும் தாய் அழாமல் இருப்பாளா. தங்கமுத்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

“கலியாணத்துக்கு வந்து நிண்ட நேரம் உடம்பில கொஞ்சம் சதை இருந்தது” என்றாள். “மெலிஞ்சு போனாய் மோனை.”

“ஓம் அம்மா” என்றான் பிரகலாதன். “வந்திட்டுப் போய்க் கனகாலமாச்சுத்தானே.”