மழை நின்ற பிறகு ஏறிய தண்ணீர்

மழை நின்று, வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்த பிறகும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அதிலும் மிளகாய்க்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். பெற்றவர்கள் அவளுக்கு அருமையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சின்ன வயதில் அண்ணன்காரன் மிளகாய் என்று கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. நல்ல பெயர் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை நம்பி ஏமாந்தார்கள்.

அந்த ஏமாந்த மாப்பிள்ளைதான் இப்போது முன்னறையில் செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டிலில், தொடை வரை மாவுக்கட்டோடு மல்லாந்து கிடந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். இந்த வெள்ளத்தில் முதலில் அடிபட்ட ஆள் அவர்தான், அதுவும் வெள்ளம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே. ‘இந்த முறையும் வரலாறு காணாத மழை பெய்யும்’ என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். உடனே அந்தத் தொலைக்காட்சியையே தூக்கிப் பரண்மேல் வைக்கப் போனார். முக்காலி சறுக்கியது. தொலைக்காட்சி அவர் மேல் பத்திரமாக விழுந்ததால் அதற்கு ஒரு கீறலும் இல்லை. அவருக்குத்தான் எலும்பு இரண்டாகி, உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். காயத்தில் தண்ணீர் படவே கூடாது, சாக்கடைத் தண்ணீர் பட்டுச் சீழ் பிடித்தால் காலுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் போனால் வேலை போகும். வண்டி ஓட்டத் தெரிந்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வரலாறு காணாத மழை போன வருஷமும் பெய்தது, அதற்கு முந்தைய வருஷமும் பெய்தது. இந்த வரலாற்றை முதலில் ஒரு கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. படுத்தபடியே கைப்பேசியில் உலகத்து வெள்ளத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு நாட்டில் சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டில் அருவி கொட்டியது. பாலைவனத்து விமான நிலையத்தில் விமானங்கள் வாத்து மாதிரி நின்றன. பனிமலை அடிவாரத்தில் ஒரு ஊரே சேற்றோடு வழுக்கிக்கொண்டு போனது. உலகம் பூராவும் நம்ம தெருதான் என்று அவளுக்குச் செய்தி வாசித்தார். கடல் சூடாகிவிட்டதாம், காற்று முன்னைவிட அதிகமாகத் தண்ணீரைச் சுமக்கிறதாம். சுமப்பது சரி, இறக்கி வைக்க என் அடுப்படிதான் கிடைத்ததா என்று அவள் கேட்டதற்கு அந்தச் செய்தியில் பதில் இல்லை.

காலையிலேயே எதிர்வீட்டுக்காரர் அவரைத் தன் மாடிக்குத் தூக்கிப்போகலாம் என்று வந்தார். அந்த வீட்டில் சுழல் படி. விறைத்து நீண்ட காலோடு ஆளை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பக்கம் இடித்தது. இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை மனிதர் வலியில் ஊரைக் கூட்டியதும் கட்டிலுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். படகுக்குச் சொன்ன எண்ணில் ஒரு பெண் குரல், நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள் என்று இனிமையாகச் சொன்னது. மிளகாய் அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களை வாடகைக்கு விடுபவன். எல்லா மோட்டாரும் வேலைக்குப் போயிருக்கிறது, ஒன்று திரும்பி வந்தால் முதலில் உனக்குத்தான் என்றான். அந்த ‘முதலில்’ என்ற வார்த்தையில் அவள் பாதி நாளை ஓட்டிவிட்டாள்.

மழை நின்றது. தெருவே வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. இனி வடிந்துவிடும் என்று எல்லோரும் எல்லோரிடமும் சொன்னார்கள். ஆனால் கட்டில் சட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது நாலு விரலாகிவிட்டது. மேலே அடுக்க வீட்டில் செங்கல்லும் இல்லை.

மிளகாய் குனிந்து பார்த்தாள். தண்ணீரில் வானவில் மிதந்தது. சலவைக் கடையில் வேலை செய்பவள். எண்ணெய்க் கறையோடுதான் தினமும் அவளுக்குச் சண்டை.

“இது மழைத் தண்ணி இல்லைங்க.”

“டீசல் வாசனை எனக்கும் வந்துது. வண்டியைத் தொட்டு ஒரு வாரமாச்சே, ஏக்கத்துல மூக்கு ஏமாத்துதுன்னு நினைச்சேன்.”

அவள் சிரிக்கவில்லை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ விடாமல் டுக்கு டுக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே கேட்ட சத்தம்தான். மழை இரைச்சலில் அதைத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதாக நினைத்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடம். ஐந்து மாடிக் கடைகள், கீழே இரண்டு அடுக்குக்கு கார் நிறுத்துமிடம். அது வருவதற்கு முன் அங்கே ஒரு பெரும்பள்ளம் இருந்தது. மழை பெய்தால் தெருத் தண்ணீரெல்லாம் போய் அதில் உட்காரும், ஒரு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் மறைந்துவிடும். பெரிய படிப்புப் படித்தவர்கள் கூடிப் பேசி, அந்தப் பள்ளத்துக்குள் அதைவிட ஆழமாக இன்னொரு பள்ளம் தோண்டி, அதில் கார்களை நிறுத்தினார்கள். தண்ணீருக்குப் படிப்பில்லை. பழைய விலாசத்துக்கே வந்து சேர்ந்தது.

முழங்கால் தண்ணீரில் தெருவைச் சுற்றிக்கொண்டு அவள் கட்டடத்தின் பின்வாசலுக்குப் போனாள். அங்கே தரை மேடு, காய்ந்தே கிடந்தது. டீசல் மோட்டார் ஒன்று உடம்பை உதறிக்கொண்டு ஓடியது. கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு தடித்த குழாய் ஏறி வந்து, தெருவோர வடிகாலுக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. வடிகால் ஏற்கெனவே நிரம்பி வழிந்து, அவள் தெருப் பக்கம் ஓடியது. மோட்டாருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன், இரண்டு நாள் தாடியோடு, அவளுடைய சொந்த அண்ணன்.

தங்கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். சாப்பிட்டியா என்று கேட்டான். வாயில் வந்தது அதுதான். மாப்பிள்ளைக்குக் கால் எப்படி இருக்கிறது என்று அடுத்ததாகக் கேட்டது இன்னும் மோசமாகப் போயிற்று. கால் இருக்கிறதா என்று சாயங்காலம் வந்து பார்த்துக்கொள் என்றாள் அவள். மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். அவன் கையைப் பிசைந்தான். நான் நிறுத்தினால் இன்னொருத்தனைக் கூப்பிடுவார்கள், தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும் என்றான். முன்பக்கமாகக் குழாயைக் கொண்டுபோய் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய கால்வாயில் விடலாம் என்று தான் காலையிலேயே சொன்னதாகவும், பளிங்குத் தரை அழுக்காகும், கடைக்கு வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று மேனேஜர் மறுத்துவிட்டதாகவும் சொன்னான். தன் நியாயத்தைச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான், பாவம்.

மிளகாயின் குரல் இறங்கியது. அது இறங்கினால் ஆபத்து என்று அண்ணனுக்குத் தெரியும்.

“அப்போ இந்தப் பக்கம் விட்டா எங்க தெருவுக்குத்தான் வரும்னு தெரியும்.”

“உன் வீடு வரைக்கும் வராதுன்னு நினைச்சேன்.”

“மத்தவங்க வீடு வரைக்கும்?”

அண்ணன் மோட்டாரைப் பார்த்தான். அதுவும் உதவிக்கு வரவில்லை.

இதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். மழை நின்ற பிறகும் குடையை விரித்தே பிடித்திருந்தார். அதில் கட்டடத்தின் பெயர் பெரிதாக அச்சிட்டிருந்தது. கஷ்டம் புரிகிறதும்மா என்றார், எங்களுக்கும் கீழே எத்தனையோ கார் நிற்கிறது என்றார், பருவநிலை மாற்றம் என்று அழகாக ஒரு வார்த்தை சொன்னார், கடைசியில் இயற்கையை யாரும் தடுக்க முடியாது என்று முடித்தார்.

“மழை இயற்கை சார். மோட்டார்?”

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள். அண்ணனுக்கு அப்பாடா என்றிருந்தது. தங்கையை இத்தனை வருஷம் பார்த்தும் அவனுக்குப் புத்தி வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சற்று நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு வாளி, தளும்பத் தளும்பத் தண்ணீர். இருவரையும் தாண்டி, கார்கள் இறங்கும் சரிவுக்குப் போய், வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் வந்த வழியே கீழே ஓடியது.

என்ன செய்கிறீர்கள் என்று மேனேஜர் பதறினார்.

“உங்க தண்ணிதான் சார். எங்க வீட்ல விட்டுட்டுப் போயிட்டீங்க. திருப்பிக் குடுக்கணும்ல?”

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. நியாயமாகப் பார்த்தால் அது சிரிக்க வேண்டிய காரியம்தான். மோட்டார் ஒரு மூச்சில் தள்ளும் தண்ணீரை அவள் வாளியில் சுமக்க ஒரு பிறவி போதாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் கோபத்துக்குக் கணக்குப் பாடம் வராது. இரண்டாவது வாளிக்கு அவள் போனபோது, எங்கே கொண்டுபோகிறாய் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். சொன்னாள். அவர் உள்ளே போய்ப் பெரிய அண்டாவை எடுத்துவந்தார். அவர் மனைவி குடம் எடுத்தாள். கோடிவீட்டு வாத்தியார், ஆயுளில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாதவர், குழந்தையைக் குளிப்பாட்டும் நீலத் தொட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் தெருவே சரிவில் நின்றது. ஒருவர் ஊற்ற ஒருவர் வழிவிட, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஒழுங்காக நடந்தது. வாத்தியார் தன் தண்ணீரோடு மிதந்து வந்த ஒரு செருப்பையும் சேர்த்துக் கொடுத்து, இதுவும் உங்களுடையதா என்று பணிவாக விசாரித்தார். கடைகளுக்கு வந்தவர்கள் மாடியிலிருந்து கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். மேனேஜர் குடையை மடக்கினார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்க, எங்க தெரு வழியாவே வரச் சொல்லுங்க, அவங்களும் பார்க்கட்டும் என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அப்போது மிளகாயின் கைப்பேசி அடித்தது. கணவர். தண்ணீர் மெத்தையைத் தொட்டுவிட்டது என்றார். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றார். போனை வைத்துவிட்டார். அந்த மனிதர் பேச்சை ஒரு கேலி இல்லாமல் முடித்து அவள் கேட்டதில்லை. வாளியை அப்படியே கீழே வைத்தாள். அண்ணனைப் பார்த்தாள். மெத்தையைத் தொட்டுவிட்டதாம் என்றாள்.

டுக்கு டுக்கு நின்றது.

அண்ணன் மோட்டாரை அணைத்திருந்தான். வடிகாலிலிருந்து குழாயை உருவி, பக்கத்தில் கிடந்த இன்னொரு சுருளை அதோடு பூட்டித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்த்து நடந்தான். மேனேஜர் குறுக்கே வந்து, இனி இந்த ஊரில் எந்தக் கட்டடத்திலும் உனக்கு வேலை கிடையாது என்றார். அண்ணன் அவரைச் சுற்றிக்கொண்டு போனான். தெரு ஆட்கள் பாத்திரங்களைப் போட்டுவிட்டுக் குழாயின் உடம்பைத் தாங்கிப் பிடித்தார்கள். உள்ளே பளபளவென்று பளிங்குத் தரை, இரண்டு பக்கமும் புத்தாடை உடுத்திய பொம்மைகள். வழியெல்லாம் கறுப்புச் சேறு சொட்ட, குழாய் அந்தப் பொம்மைகளுக்கு நடுவில் ஊர்வலம் போயிற்று. மெயின் ரோட்டில் வண்டிகளை நிறுத்தியவர் வாத்தியார். கையை நீட்டிக்கொண்டு நடு ரோட்டில் நின்றார். திட்டியவர்களையெல்லாம் திருப்பித் திட்டினார். அவருக்கு அத்தனை வார்த்தைகள் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

குழாயின் வாய் கால்வாய்க்குள் விழுந்தது. மோட்டார் மறுபடி ஓடியது. அரை மணி கழித்துக் கணவரிடமிருந்து போன் வந்தபோது மிளகாய் எடுக்கப் பயந்தாள். மெத்தையை விட்டு இறங்கிவிட்டது, கட்டில் சட்டம் தெரிகிறது என்றார். தைத்த இடம் நனையவில்லை. முதுகுதான் ஊறிவிட்டது, முதுகில் எதுவும் உடையவில்லை, நீ வந்து உடைத்தால் உண்டு என்றார்.

அவள் கால்வாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அதையும் கோபமாகவே மாற்றிக்கொண்டாள். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்கும் முகம். கால்வாய் கரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, பழுப்பாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

“இது எங்க போகுது?”

“கடலுக்கு.”

“நடுவுல?”

அவன் கையை நீட்டிக் காட்டி, கால்வாய் வளைகிற இடத்தில் கரையோரம் கொஞ்சம் குடிசைகள் இருக்கின்றன, தாழ்வான இடம் என்றான். அவ்வளவு தூரம் பாதிக்காது என்று சொல்ல வாயெடுத்தவன், தங்கையின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான்.

எதிர்வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிக் கணவருக்கு முதுகைத் துடைத்து மெத்தையை மாற்றச் சொன்னாள். வாத்தியாரைக் கரையோடு நடந்து போய் வளைவில் இருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லச் சொன்னாள். அவர் நடு ரோட்டை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பிறகு கால்வாய்ச் சுவரில் ஒரு கல்லைக் கண்ணால் குறித்துக்கொண்டாள். தண்ணீர் அந்தக் கல்லைத் தொட்டால் நான் கையைத் தூக்குவேன், நீ வேகத்தைக் குறைக்க வேண்டும், வடிந்தால் மறுபடி கூட்டு என்று அண்ணனிடம் சொன்னாள். அவன் கட்டடத்தின் வழியே பின்வாசலுக்குப் போய் மோட்டார் பக்கத்தில் நின்றான். கண்ணாடி வழியாக அவனுக்கு அவள் தெரிந்தாள்.

அவள் கை மேலே போனது. மோட்டாரின் சத்தம் பாதியாக இறங்கியது. மேனேஜர் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். இந்த வேகத்தில் இறைத்தால் கார்கள் நாளைக்கும் தண்ணீரில்தான் நிற்கும் என்றார். கீழ் அடுக்கில் இருப்பவை யாருடைய கார்கள் என்று தெரியுமா என்றும் கேட்டார்.

“நிக்கட்டும் சார். அதுங்க வரிசையில இருக்கு” என்றாள் மிளகாய், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.