அலமாரிக்குள் கடல்

அவள் அலமாரிக்குள் உட்கார்ந்துதான் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அத்தான் சொன்னபோது ஒத்திகையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு கிண்டல் வரும்.

"மேடையில இந்தத் தடவை பக்கத்திரையே கிடையாது. நாடகமே ஒரு கனவு, கனவுக்கு ஏது ஓரம்?" என்றார் அத்தான். "நடுவுல பெரிய அலமாரி ஒண்ணு நிக்குது. உள்ள ஒரு பொய்ப் பலகை அடிச்சு, அதுக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டா நம்ம மறதி பாந்தமா உக்காந்துக்குவா. பூட்டியும் வச்சுடலாம், தொலைஞ்சு போகமாட்டா."

அத்தான், அவளுடைய அக்காவின் கணவர். பழைய அச்சுக்கூடம் ஒன்றைச் சரிசெய்து நாற்காலி போட்ட அந்தச் சின்ன அரங்கத்துக்கு முதலாளி, இயக்குநர், கதாநாயகன் எல்லாம் அவரே. மறதி என்பது அவள்தான். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளில்லை. விளக்குப் போடுகிறவர் மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து "மறதியம்மா" என்பார்.

அந்தப் பட்டம் ஒரே மாலையில் வந்தது. அப்போது அவள் நடித்துக்கொண்டிருந்தாள், நன்றாகவே நடித்தாள். ஒரு குடும்ப நாடகம். அத்தான் அப்பா, அவள் வீட்டைவிட்டுப் போகிற மகள். மகள் ஏன் போகிறாள் என்று சொல்லும் நீண்ட காட்சி அவளுடையது. அதற்காக மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்திருந்தாள். அன்று அத்தான் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு, பல பக்கம் தள்ளியிருந்த வேறொரு கேள்வியைக் கேட்டார். அந்த ஒரு தாவலில் அவள் காட்சி முழுக்கப் போய்விட்டது. எங்கே போய்ப் பிடிப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றாள். அத்தான் அவளைப் பார்த்தார். தாண்டியது தான்தான் என்று அவருக்கு உறைத்துவிட்டது. அது அவர் கண்ணில் வந்துபோனதை அவள் பார்த்தாள். பிறகு அவர் சபைப்பக்கம் திரும்பி, "பாவம், பொண்ணு பேச வேண்டியதை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டா" என்றார். அரங்கம் குலுங்கியது.

அன்றைக்கே ஒப்பனை அறையில் பட்டம் சூட்டியாகிவிட்டது. அவளுக்கென்று பேசிவைத்திருந்த அடுத்த வேஷம் கைமாறியது. "உனக்குச் சின்ன வயசுலயே ஞாபகம் கம்மிதான்டி" என்று பெற்ற அம்மாவே சொன்னாள். அவளுக்கு ஆறாதது அதுதான். பொய் தெருவில் நிற்கிறவரை அதோடு மல்லுக்கட்டலாம். அது வீட்டுக்குள் வந்து, எல்லோரோடும் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? சில நாள் அவளுக்கே சந்தேகம் தட்டியது. அந்தச் சந்தேகத்துக்குப் பயந்துதான் எல்லா நாடகத்தையும், எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள். அத்தானும் பெரிய மனசு பண்ணி, வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார். "மறக்கிறவளுக்குத்தானே மறக்கிறவன் கஷ்டம் தெரியும்" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

இந்த நாடகம் மிகப் பழையது. எழுதியவர் காய்ச்சலில் கண்டதை அப்படியே எழுதிவைத்தார் என்பார்கள். ஒரு பயணி தன் வீட்டைத் தேடி வருகிறான். டிக்கெட் கொடுக்கிறவளுக்கு அவன் அம்மாவின் முகம். சமையலறைக்குள் மழை பெய்கிறது. யாரும் குடை பிடிக்கவில்லை. அலமாரியைத் திறந்தால் உள்ளே கடல் இரைகிறது. கடைசியில் ஒரு தையல்காரர் பயணியின் மார்பைச் சுற்றி நாடாவைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சட்டை யாருக்கு?" என்று கேட்கிறார். பயணி சொல்ல வேண்டிய பதில்: "உப்பு விற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்." அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் பேச வேண்டும்.

கேள்விக்கும் பதிலுக்கும் ஒட்டு உறவு கிடையாது. மற்ற நாடகத்தில் வரி மறந்தால் அர்த்தத்தைப் பிடித்துத் தப்பிக்கலாம், நாலு வார்த்தை சொந்தமாகப் போட்டு ஒப்பேற்றலாம். கனவில் அது நடக்காது. கால் நழுவினால் பிடிக்கக் கொம்பில்லை, அலமாரிக்குள் இருக்கிறவளைத் தவிர.

அத்தானுக்குக் கால் நழுவுகிறது என்பது ஒத்திகையிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வயதாகிறது. ஆரம்பத்தில் எப்போதாவது அலமாரிப் பக்கம் வந்து சாய்ந்தார். போகப் போகப் பயணி ஊர்சுற்றுவதைக் குறைத்துக்கொண்டு அலமாரியே கதி என்றானான். "இயக்குநர் அலமாரியை ஒரு பாத்திரமாவே மாத்திட்டார்" என்று தையல்காரராக நடித்தவர் வியந்தார். அத்தான் அதையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். பலகை இடுக்கில் அவர் காது தெரியும். நரைத்த மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் காது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் வரிகளை ஊதுவாள். ஒரு நாள், ஊதாமல் இருந்தால் என்ன என்று நினைத்தாள். நினைத்ததும் உடம்பெல்லாம் இனித்தது. அந்த இனிப்பை யாருக்கும் காட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

முதல் காட்சியன்று மதியம் அக்கா பயணியின் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நின்று நூல் கோத்துக் கொடுத்தாள்.

"இன்னைக்கு அவரைக் கொஞ்சம் பாத்துக்கோடி" என்றாள் அக்கா. "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அன்னைக்கு உன் சீனைத் தாண்டின மாதிரி எதையாவது தாண்டிடப் போறார்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அக்காவுக்குத் தெரிந்தது. ஊசி பாதியில் நின்றது.

"உனக்குத் தெரியுமா?"

"என்னத்தை?"

"தாண்டினது அவர்னு."

"பழசெல்லாம் எதுக்குடி இப்போ? நல்ல நாளும் அதுவுமா."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா."

அக்கா பல்லால் நூலைக் கடித்தாள். "அவரோட குடித்தனம் பண்றது நான்" என்றாள். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. விலை சொல்லி முடித்த கடைக்காரி மாதிரி இருந்தது. அதுவரை அவள் மனதில் ஓரமாக ஒரு 'வேண்டாம்' ஒட்டிக்கொண்டிருந்தது. அது அங்கேயே உதிர்ந்தது.

அன்று மாலை அரங்கம் நிறைந்தது. கடைசிக் காட்சிவரை அவள் எல்லா வரியையும் ஒழுங்காகக் கொடுத்தாள். ஒருவனை உயரத்திலிருந்து தள்ள வேண்டுமானால் முதலில் ஏற்றிவிட வேண்டும். தையல்காரர் வந்தார். நாடாவைச் சுற்றினார். "இந்தச் சட்டை யாருக்கு?"

பயணி பின்னால் சாய்ந்தான். இடுக்கில் காது வந்தது.

அவள் உதட்டை மூடிக்கொண்டாள்.

காது காத்திருந்தது. பிறகு பலகையில் விரல் தட்டியது. "சொல்லு" என்று மூச்சு வந்தது. அவள் சொல்லவில்லை. "ஏய், சொல்லு." காதுமடலில் வியர்வை இறங்குவது தெரிந்தது. தையல்காரர் நாடாவை விடாமல் பிடித்திருந்தார். நாடா முனை கோட்டில் உரசிக்கொண்டிருந்தது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். முதலில் ஒரு இருமல் வரும், அப்புறம் ஒரு முணுமுணுப்பு, எங்கிருந்தோ ஒரு சிரிப்பு, அது அப்படியே பற்றிக்கொள்ளும். அது எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியாதா? அப்போதுதான் ஒன்று புரிந்தது: அவர் விழுவது அவளுக்குப் போதாது. விழுந்தவரைப் பார்த்து ஒரு கூட்டம் சிரிக்க வேண்டும்.

யாரும் சிரிக்கவில்லை.

ஒரு நாற்காலி கூடக் கிரீச்சிடவில்லை. முன் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அழுகிறார்கள் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது. கனவுக்குள் ஒருவன் பேச்சற்று நிற்பதை அவர்கள் கனவாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெட்டிய குழி அவருக்கு மேடையாகிவிட்டது. ஆத்திரத்தில், அந்த அழகைக் கெடுக்க வேண்டும் என்பதற்காகவே, "உப்பு விற்றவர்கள் எல்லோரும்" என்று சீறினாள். அவர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். இல்லாத நடிப்பெல்லாம் அந்த உடைந்த குரலில் வந்து சேர்ந்தது. கைதட்டல் ஓயவில்லை.

"அந்த மௌனம்!" என்று பார்த்தவர்கள் ஒப்பனை அறைக்குள் வந்து அத்தான் கையைப் பிடித்தார்கள். "எப்படி சார் தோணுச்சு?"

"ரொம்ப நாளா மனசுல வச்சிருந்தேன்" என்றார் அத்தான்.

மறுநாள் காலையில், வெறும் மேடையில், அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் அவர் வந்து நின்றார்.

"நேத்து என்ன ஆச்சு உனக்கு?"

"மறந்துட்டேன் அத்தான். என் பேரே அதுதானே."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உனக்கு என்ன வேணும்? வேஷமா? அடுத்ததுல தரேன்."

"வேஷம் வேணாம். தாண்டினது நீங்கதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"அடிப்பாவி, அது யாருக்குடி ஞாபகம் இருக்கு இப்போ?"

"எனக்கு."

"சொல்ல முடியாது. உன் தயவும் வேணாம். இதோ, இப்பவே மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

பண்ணினார். மதியம் முழுக்க அரங்கத்து நடைவழியில் வரியைச் சொல்லிச் சொல்லி உப்பு விற்றார். அக்கா காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை ஆறவிட்டு உப்பு விற்றார். சாயங்காலம் விளக்குப் போடுகிறவருக்குக்கூட அந்தப் பக்கம் பாடமாகிவிட்டது. அலமாரிக்குள் போய் உட்கார்ந்தபோது அவளுக்கு நம்பிக்கை இல்லை. இன்றைக்கு அவர் பேசிவிடுவார்.

பேசியிருப்பார். ஆனால் வந்திருந்த கூட்டம் அந்த மௌனத்தைக் கேள்விப்பட்டு வந்த கூட்டம். "இந்தச் சட்டை யாருக்கு?" என்றதும் எல்லோரும் ஒரே மூச்சாக முன்னால் சாய்ந்ததை அவள் உள்ளிருந்தே உணர்ந்தாள். உடனே பேசினால் அவர்களுக்கு ஏமாற்றம். அத்தானுக்குச் சபையின் பசி தெரியும், அதற்குத்தானே வாழ்ந்தார். அதனால் கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில், நாள் முழுக்கக் கட்டிவைத்திருந்த வரி கையைவிட்டுப் போய்விட்டது.

காது வந்தது.

"வரி" என்றார் மூச்சுக்குள்.

"சொல்லுங்க, தரேன்" என்றாள் அவளும் மூச்சுக்குள்.

"வேணாம்மா."

அவள் இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு நினைத்தபோது இனித்த மாதிரி இப்போது உடம்பு இனிக்கவில்லை. சுவரில் ஆணி இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல நிதானமாக இருந்தது. அவரால் தாங்கக்கூடியதைவிட மௌனம் நீண்டது. நேற்று அழுகை வந்த முன் வரிசையிலிருந்து இன்று ஒரு இருமல் வந்தது. அதைக் கேட்டதும் அவர் தோள் பலகையில் இடித்தது.

"நான்தான் தாண்டினேன்" என்று முணுமுணுத்தார்.

"கேக்கல அத்தான்."

பயணி தலையை நிமிர்த்தினான். தையல்காரரைப் பார்த்து, கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் சொன்னான்: "நான்தான் தாண்டினேன். அவ இல்ல. அன்னைக்குத் தாண்டினது நான்தான்."

அரங்கம் அசையவில்லை. அலமாரிக்குள் அவள் புறங்கையைக் கடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக எந்தக் குரலில் கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ அதே குரல். எந்தக் கூட்டத்தின் முன்னால் என்று நினைத்தாளோ அதே மாதிரிக் கூட்டம். ஆனால் அவர்களில் ஒருவருக்குக்கூடத் தாங்கள் எதைக் கேட்டோம் என்று தெரியாது. அழகான வசனம் என்று வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை இறக்கிவிட்டு உப்பு வரியை எடுத்துக் கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் விளக்குப் போடுகிறவர் தன் காகிதங்களைப் புரட்டிக்கொண்டு வந்தார். "மறதியம்மா, சார் சொன்னாரே, நான்தான் தாண்டினேன்னு, அது எந்தப் பக்கத்துல வருது? நான் விளக்கை மாத்தணுமா?"

"மாத்த வேணாம். இனிமே தினமும் வரும்" என்றாள்.

ஒப்பனை அறையில் அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

"அதான் சொல்லிட்டேனே. நாளைக்குமா?"

"ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு அத்தான்."

"அவங்களுக்கு அது வெறும் வசனம்."

"ஆமா. உங்களுக்கும் எனக்கும் இல்லையே."

அவர் எழுந்து வெளியே போனார். அக்கா கோட்டை மடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"போதும்டி" என்றாள் மெதுவாக. "அவரை விட்டுடு."

"விட்டுட்டா அவருக்கு அடுத்த வரி யாரு சொல்லுவா அக்கா?"

அக்கா கோட்டைப் பிரித்துப் பார்த்தாள். கோட்டின் காலர் வியர்வையில் ஊறியிருந்தது. நாளைக்குள் காய வேண்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.