கலியபெருமாளும் பிறரும்

கையெழுத்துப் போடமாட்டேன் என்று கலியபெருமாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் முப்பத்தைந்து வருஷம் நெல் மூட்டை தூக்கிய ஆள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவர். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத காகிதத்தில் பேனா வைக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது.

"நைனா, நாளைக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ. இந்தக் கடுதாசி இல்லன்னா எனக்கு வேல இல்ல," என்றாள் மகள் கலைமதி. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் சிக்கி, திண்டிவனத்திலிருந்து நின்றுகொண்டே வந்திருந்தாள். முகத்தில் களைப்பு இருந்ததே தவிர பயம் இல்லை.

"இன்னா எழுதியிருக்குது அதுல?"

"இந்தக் கட்டுரைய நான் எழுதல, எம் பொண்ணுதான் எழுதுனான்னு."

"எழுதலன்னு நான் எதுக்கு எழுதித் தரணும்? எவன் சொன்னான் நான் எழுதுனேன்னு?"

"உலகமே சொல்லுது நைனா."

விஷயம் இதுதான். கலைமதி எலிக்காய்ச்சலை ஆராய்கிறவள். தொண்டூர்ப் பக்கம் வயல் சேற்றில் நிற்கிறவர்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து, அந்தக் காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னாள். முதல் கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியபோது, குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பன் பெயரைப் போட்டாள். அன்றிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டிய முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் 'கலியபெருமாளும் பிறரும் கண்டறிந்தபடி' என்றே எழுதினார்கள். பிறகு வந்த எட்டுக் கட்டுரைகள் கே. கலைமதி பெயரில். அத்தனைக்கும் சேர்த்து மேற்கோள் அறுபதுதான். புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மனுப் போட்டால், வேறொருவர் கட்டுரையை உங்களுடையதாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று கடிதம் வந்துவிட்டது.

"அப்ப உன்னத் திருடின்னு சொல்றானுங்க."

"ஆமா. நீதான் இல்லன்னு சொல்லணும்."

கலியபெருமாள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். "அந்தக் கட்டுரையப் படி. ஒரு வரி விடாம தமிழ்ல சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

ஒரு மணி நேரம் சொன்னாள். பாதி புரியவில்லை, ஆனாலும் கொட்டாவி விடாமல் கேட்டார். ரத்தம் எடுத்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அன்றைக்கு ஆட்களைக் கூட்டி வந்தவரே அவர்தான்.

"எத்தினி பேருன்னு போட்ட?"

"வந்தது நூத்தி நாப்பது."

"ஊசியப் பாத்துட்டு மூணு பேரு வரப்பு மேல ஓடுனானுங்களே. தங்கராசு வேட்டி அவுந்ததுகூடத் தெரியாம ஓடுனான்."

"எழுதியிருக்கேன். மூவர் விலகிக்கொண்டனர். மீதி நூத்தி முப்பத்தேழு."

"வேட்டிய?"

"அது ஆராய்ச்சிக்குத் தேவையில்ல நைனா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரை மறைக்காதவள் முந்நூறு பேரைத் திருடுவாளா? பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

மறுநாள் லேப்டாப் திரையில் நாலு பேர் தெரிந்தார்கள். கடுதாசியைப் பார்த்த பிறகும், நடுவில் இருந்த பேராசிரியர் ரஞ்சனி, மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலியபெருமாளையே கேட்டார். "ஐயா, இந்தக் கட்டுரையில் உங்களுக்குப் பங்கு ஏதாவது உண்டா?"

"உண்டு."

கலைமதி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

"மொத ரத்தம் என்னுது. எழுத்து பூரா அவளுது. நம்பிக்கை இல்லன்னா, வந்தவங்கள்ல எத்தினி பேரு ஓடுனாங்கன்னு கேளுங்க. ஓடுனவங்க அப்புறம் இன்னா ஆனாங்கன்னும் கேளுங்க. கூட நின்னு செஞ்ச ஆளுக்குத்தான் தெரியும்."

ரஞ்சனி கேட்டார். கலைமதி சொன்னாள். ஓடியவர்களில் இரண்டு பேர் அடுத்த வாரம் தாமாக வந்ததையும், விதி ஒத்துக்கொள்ளாததால் அவர்களைச் சேர்க்காததையும் சேர்த்தே சொன்னாள். பிறகு இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று குறித்துக்கொண்டார்கள். முந்நூற்று எழுபத்திரண்டு மேற்கோளும் அவளுடையவை என்றானது. இருபது நாளில் வேலைக்கான உத்தரவு வந்தது.

"இனிமேலாச்சும் ஒம் பேரையே போடு," என்றார் கலியபெருமாள்.

"மாட்டேன். என்னத் தேடுறவங்க உன் பேர்லதான தேடுறாங்க. இனி எல்லாமே கலியபெருமாள்தான்."

கலியபெருமாள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அப்படின்னா ஒவ்வொண்ணையும் அனுப்பறதுக்கு முன்னால எனக்குப் படிச்சுக் காட்டணும். போறது எம் பேரு."