எடுத்தாச்சு

மூன்று பேர், இரண்டு இரவு, ஒரு மலை. இதற்கு என் கணவர் போட்ட பட்டியலில் நூற்றுப் பதினேழு பொருட்கள் இருந்தன. எழுபத்து மூன்றாவது பொருள் 'கயிறு'. எழுபத்து நான்காவது 'இன்னொரு கயிறு'.

வீட்டில் நானும் மகளும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஒருவேளை'. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பிரேக் போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது என்று இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துப் பழகி, சட்டைப் பொத்தானுக்குக்கூட மாற்றுப் பொத்தான் பர்சில் வைத்திருப்பவர். "ஒருவேளை அடுப்பு பத்தலைன்னா? ஒருவேளை தீப்பெட்டி நனைஞ்சிட்டா?" என்று ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். நான் நர்ஸ், ஏறுவது எனக்கு நன்றாகவே தெரியும்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்த மலையும் அப்படிப்பட்டதுதான். காலையில் வெயில் பல்லைக் காட்டும், பத்து மணியானால் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாத மூட்டம், மத்தியானம் ஆலங்கட்டி. கைபேசியில் வானிலை பார்த்தால் மணிக்கொரு படம் வரும். சூரியன், குடை, பனித்துளி, மறுபடி சூரியன். எதை நம்பி எதை எடுத்து வைப்பது?

இதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை டென்ட் வந்தது, அதை நிறுத்தும் கம்பி வீட்டிலேயே இருந்துவிட்டது. இரண்டாம் முறை எல்லாம் வந்தது, எல்லாம் நனைந்தது. காலையில் மேலே போகும் ஒரே பஸ், சாயங்காலம் கீழே இறங்கும். இரண்டு முறையும் அதிலேயே ஏறித் திரும்பினோம். வழி நெடுக நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன், அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் மகள்.

அவள் எப்போதுமே நடுவில்தான். அவளுக்கு இரண்டு வயதாகும்போது நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். எனக்குக் காலை ஷிஃப்ட், அவருக்கு மதிய ஷிஃப்ட். குழந்தை ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்கக் கூடாது. இருக்கவும் இல்லை. ஆனால் பதினாறு வருஷமாக நானும் அவரும் மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் சாவி மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது ஒருவருக்கு டியூட்டி விழும். மீதிப் பேச்செல்லாம் மகள் வழியாக. "அப்பா, கேஸ் தீரப்போகுதுன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க." "அம்மா, அப்பாவுக்கு முதுகு வலியாம்." எங்கள் சண்டையைக்கூட அவள்தான் இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தாள், அதுவும் பாதியாகக் குறைத்து. தீர்ப்பும் அவளே சொல்லிவிடுவாள். அதனால் அவளுக்குப் பெயர் ஜட்ஜம்மா.

இப்போது ஜட்ஜம்மாவுக்கு நில அளவைப் படிப்பில் சீட் கிடைத்திருக்கிறது, ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில். வருகிறேன், வரவில்லை என்று அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். கேட்டால் "பாக்கலாம்" என்கிறாள். ஒரு மத்தியானம் நாங்கள் சாவி மாற்றும் நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றாள்.

"சனிக்கிழமை மலைக்குப் போறோம். ரெண்டு ராத்திரி, முழுசா. மூட்டை கட்ட வேண்டியது நீங்க ரெண்டு பேரும். ஆளுக்குப் பன்னெண்டு கிலோ, அதுக்கு மேல கூடாது. இவங்க சொன்னதை அவங்ககிட்ட சொல்றது, அவங்க சொன்னதை இவங்ககிட்ட சொல்றது, அதெல்லாம் நான் பண்ண மாட்டேன்."

"எதுக்குடி இந்தப் பரீட்சை?" என்றேன்.

"ஒரு மூட்டையை ஒழுங்கா கட்ட முடியலைன்னா, நாலு வருஷம் நீங்க ரெண்டு பேரும் தனியா என்ன பண்ணுவீங்க? இந்தத் தடவையும் பாதியில திரும்பினோம்னா நான் எங்கயும் போகல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

விளையாட்டாகச் சொல்வதுபோல் சொல்லி, சொன்னபடியே செய்கிறவள் அவள். அவள் வயதில் எனக்கும் வெளியூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. வீட்டில் யாருக்காகவோ போகாமல் இருந்துவிட்டேன். யாருக்காக என்பதுகூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை. போகவில்லை என்பது மட்டும் தினமும் ஞாபகம் வருகிறது. என் மகள் அப்படி உட்காரக் கூடாது. அதற்காக எந்த மலையிலும் எத்தனை இரவும் இருக்கத் தயார், இந்த மனுஷனோடு மூட்டை கட்டவும் தயார்.

முகம் பார்த்துப் பேச நேரமில்லாததால் பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது எழுதி வைப்பது போல, பொருளுக்கு எதிரே அவரவர் செய்ததை எழுதிவிட வேண்டும். யோசனை என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை மத்தியானம் வந்து பார்த்தால் அவர் மூன்று பைகளையும் ரொப்பி வைத்திருந்தார். என் பையைக் குளியலறை எடை மெஷினில் வைத்தேன். பத்தொன்பது கிலோ! பிரித்தால் இரண்டாவது கெட்டில், மூன்றாவது டார்ச், ஒரு நீல டென்ட். அவர் பையில் ஏற்கெனவே பச்சை டென்ட் இருக்கிறது, ஒருவேளை அது கிழிந்தால் இதுவாம். கைக்குட்டை ஒன்பது! மூன்று பேருக்கு ஒன்பது! நாங்கள் என்ன மலை மேல் மூக்குச் சிந்தவா போகிறோம்? தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். கெட்டில், டார்ச், நீல டென்ட், ஆறு கைக்குட்டை எல்லாவற்றையும் அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டு, பட்டியலில் எழுதினேன்: கெட்டில் – எடுத்தாச்சு. டென்ட் – எடுத்தாச்சு.

மறுநாள் பார்த்தால் அவர் கையெழுத்தில், 'ஸ்பேனர் செட் – எடுத்தாச்சு' என்று இருந்தது. அப்பாடா, மனுஷன் திருந்திவிட்டார், ஸ்பேனரையாவது வெளியே எடுத்துவிட்டாரே என்று மனம் குளிர்ந்துபோனது. அன்று சாவி கொடுக்கும்போது அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் பதிலுக்குச் சிரித்தார். புதன்கிழமை மகள் ஃபிரிட்ஜ் முன்னால் ரொம்ப நேரம் நின்று படித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை எடை பார்த்தோம். மூன்று பையும் பன்னிரண்டுக்குள். அவருடையது பதினொன்றே கால்! கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு பொருளைக் குறைத்துப் பார்த்ததே இல்லை. "பரவாயில்லையே!" என்றேன். "நீ ஒத்துழைச்ச, அதனாலதான்," என்றார். பதினாறு வருஷத்தில் எங்களுக்குள் நேரடியாக நடந்த நல்ல பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஆறே முக்காலுக்கு பஸ். வானம் வெளுப்பாக இருந்தது, அப்புறம் சாம்பலாக ஆனது, அப்புறம் ஊசி ஊசியாக ஏதோ விழ ஆரம்பித்தது. மழையா பனியா என்று அதற்கே தெரியாத மாதிரி.

"டென்ட் நனைஞ்சிடாம உறை போட்டீங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"அதை உன்னைத்தான் கேக்கணும். டென்ட் உன் பையிலதானே இருக்கு."

"என் பையிலயா? நான்தான் எடுத்துட்டேனே!"

"ஆமா, எடுத்துட்டேன்னு எழுதியிருந்தியே. அதான் இருக்குதேன்னு என்னோடதை எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்கன்னா?"

"எடுத்துட்டேன்னா எடுத்துட்டேன். பையிலேர்ந்து. வெளிய. எடை குறையணும்னு."

"நானும் வெளியதான் எடுத்தேன்!"

இருபது வருஷமாக வார்டில் நான் 'எடுத்தாச்சு' என்று எழுதினால் தையல் எடுத்தாச்சு, டியூப் எடுத்தாச்சு, கட்டு எடுத்தாச்சு. உடம்பில் இருந்தது வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் வேலைக்குக் கிளம்பும்போது 'எடுத்தாச்சு' என்றால் சாமான் பைக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினோமோ!

"அப்ப அந்த ஸ்பேனர் செட்டு?" என்றேன்.

"உள்ளதான் இருக்கு," என்றார், பையைத் தட்டிக் காட்டி.

"ரெண்டு கிலோ இரும்பைச் சுமப்பீங்க, டென்ட்டை விட்டுட்டு வருவீங்க! ராத்திரி ஸ்பேனருக்குள்ள படுத்துக்கிறதா? வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஒரு ஒருவேளையை விட்டுக் குடுத்தீங்க, அது இதுதானா?"

"எழுதுறப்போ வெளியன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதினா கை தேஞ்சிடுமா?"

மகள் பக்கம் திரும்பினேன். அவள் கம்பத்தில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அலமாரி மேல ஒரு டென்ட், கட்டிலுக்கு அடியில ஒரு டென்ட். புதன்கிழமையே பாத்தேன்," என்றாள். "சொல்லக் கூடாதுன்னு நாக்கைக் கடிச்சிக்கிட்டிருந்தேன். நான் சொன்னா மறுபடி நான் நடுவுல வந்த மாதிரிதானே ஆகும்." குரலில் சிரிப்பு இல்லை. "விடும்மா. வீட்டுக்குப் போலாம்."

அந்த 'விடும்மா' எனக்கு எங்கேயோ சுருக்கென்று குத்தியது. ஒரு டென்ட்டோடு சேர்த்து அவள் நாலு வருஷத்தையும் விட்டுவிடப் போகிறாள் என்று தெரிந்தது. பஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றேன் அவரிடம். "இந்த பஸ் டீசல் போடப் போகும்ல?"

"போகும். போட்டுட்டு நம்ம வீட்டுக்குப் பின்னாடி கீழ் ரோட்டுல வந்துதான் மலை ஏறும். கால் மணி நேரம் ஆகும்."

மூன்று பையையும் மகளோடு சேர்த்து பஸ்ஸில் ஏற்றினோம். "நாங்க கீழ் ரோட்டுல ஏறிக்கிறோம், நீ வாயைத் திறக்காதே," என்று சொல்லிவிட்டு ஓடினோம்.

ஓடினோம் என்றால், அவருக்கு முதுகு வலி, எனக்கு நாள் முழுக்க நின்று நின்று வீங்கிய கால். அந்த ஊசி மழையில் தெரு வழுக்கியது. "அப்பவே முகம் குடுத்துப் பேசியிருந்தா இந்த ஓட்டம் உண்டா?" என்றேன். "எப்ப பேசுறது? நீ வந்தா நான் போறேன்!" என்றார். "போறப்போ ரெண்டு வார்த்தை சொன்னா லிஃப்ட் என்ன அறுந்தா விழும்?" "மெதுவா வா, அங்க பாசி இருக்கு!" திட்டிக்கொண்டே பெட்ரோல் பங்க்கைத் தாண்டினோம், திட்டிக்கொண்டே மாடிப்படி ஏறினோம்.

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பச்சை டென்ட்டை இழுத்தார். நான் கம்பிக் கட்டைத் தூக்கினேன்.

"கம்பி எடுத்துட்டியா?" என்று வாசலிலிருந்து கத்தினார்.

"எடுத்துட்—" என்று வாய் வரை வந்ததை நிறுத்தினேன். "கையில இருக்கு! என் கையில!"

"டென்ட் என் தோள்ல!" என்று அவரும் கத்தினார். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உடனே மூடிக்கொண்டார்.

கீழ் ரோட்டில் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது பஸ் வந்தது. ஏறினோம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் மகள் ஜன்னல் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நடு இடம் காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஈரச் சட்டை ஒட்டிக்கொண்டது.

"எடுத்துட்டேன்," என்றாள் மகள்.

"டிக்கெட்டா?"

"அதுவும் எடுத்துட்டேன். நான் சொன்னது காலேஜ் சீட்டை."

நானும் அவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். "உள்ளயா, வெளியயா?"

முன்சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு நேரமானது, எனக்கோ உயிர் போய் உயிர் வந்தது.

"உள்ள," என்றாள். "வரேன்னு இப்பதான் அனுப்பினேன். பஸ் டீசல் போடுறப்போ உங்களைப் பாத்தேன். ரெண்டு பேரும் திட்டிக்கிட்டே ஒரே பக்கமா ஓடுனீங்க. அது போதும்."

அவள் போக வேண்டும் என்று ஒரு வாரமாகத் துடித்தவள் நான்தான். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாசலில் சாவி மாற்றிய பிறகு யாரிடம் போய் எதைச் சொல்வேன் என்று அப்போதுதான் உறைத்தது. கண் நிறைந்துகொண்டு வந்தது, அது வேறு எரிச்சல். கைக்குட்டையைத் தேடினேன். என்னுடையது பைக்குள் எங்கேயோ அடியில் கிடந்தது.

பக்கத்திலிருந்து மடித்த கைக்குட்டை ஒன்று நீண்டது. வாங்கித் துடைத்துக்கொண்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் திரும்பினேன். அவர் இன்னொரு கைக்குட்டையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.