மூட்டைமேல் உட்கார்ந்தவள்

பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் அந்தப் பட்டறையில் தரம் பிரிக்கிறவளை எல்லோரும் மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு துண்டை நகத்தால் கீறி, தரையில் தட்டி, சந்தேகம் வந்தால் நெருப்பில் காட்டி மோந்து, இது வாளி, இது தண்ணீர்க் குழாய் என்று சொல்லிவிடுவாள்.

புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு நிறம் ஒன்றுதான் கணக்கு. வெள்ளையோடு வெள்ளை, நீலத்தோடு நீலம். போன வாரம் அப்படித்தான் வெள்ளை வாளித் துண்டுகளோடு வெள்ளைக் குழாய்த் துண்டுகளும் உருக்கும் இயந்திரத்துக்குள் போயின. மண்ணுக்கடியில் ஐம்பது வருஷம் கிடந்தாலும் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. வாளி உருகும் சூட்டில் போட்டால் மட்டும் கருகி, நெஞ்சை அறுக்கும் புகையைக் கக்கும். இயந்திரத்தின் வாயில் நின்று துண்டுகளைக் கொட்டுகிறவள் மூக்கியின் நாத்தனார். அன்று பிடித்த இருமல் இன்னும் அவளை விடவில்லை.

இன்று காலை மறுபடியும் வெள்ளைத் துண்டுகள் நிறைந்த ஒரு மூட்டை வந்தது. மூக்கி கையை விட்டு அளைந்து பார்த்தாள். மூட்டையின் வாயைக் கட்டி, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சூப்பர்வைசர் எழுந்திருக்கச் சொன்னார். இல்லாவிட்டால் வேலையை விட்டே எழுந்துபோக வேண்டியிருக்கும் என்றார்.

"வெளுத்ததெல்லாம் பாலா சார்? ஒரு வாளி தண்ணி கொண்டாரச் சொல்லுங்க."

எட்டாவதோடு படிப்பை விட்டவள் தனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று அவர் சிரித்தார்.

"ஆறாவது சார்," என்று திருத்தினாள்.

தண்ணீர் வந்தது. மூட்டையின் வாயை அவிழ்த்து இரண்டு கை அள்ளிப் போட்டாள்; மறுபடி கட்டி அதன்மேலேயே உட்கார்ந்தாள். வாளித் துண்டுகள் மிதந்தன. குழாய்த் துண்டுகள் கல்லைப்போல அடியில் போய் உட்கார்ந்தன. சூப்பர்வைசரின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். கொஞ்சம் கலந்தால் ஒன்றும் ஆகிவிடாது, சாயங்காலம் சரக்கு போயாக வேண்டும், கொட்டு என்றார்.

"அப்படின்னா நீங்க போய் மெஷின் வாயில நில்லுங்க சார். என் நாத்தனா உங்க நாற்காலியில உக்காரட்டும்."

அவர் மூட்டையைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை. திடீரென்று பட்டறையின் இரைச்சல் அடங்கியது. நாத்தனார் சுவிட்சை அணைத்துவிட்டு இருமிக்கொண்டே வந்தாள்.

"எந்திரிங்க அண்ணி. மொத்தத்தையும் தண்ணித் தொட்டியில கொட்டுவோம். மெதக்கிறது மட்டும்தான் உள்ள போகும். அதுவரைக்கும் சுவிட்ச யாரும் தொடக்கூடாது."

முதலாளியிடம் சொல்வேன் என்றார் சூப்பர்வைசர். தாராளமாகச் சொல்லுங்கள் என்றபடி இருவரும் ஆளுக்கொரு முனையாக மூட்டையைத் தூக்கினார்கள்.