வட்டம் கலைகிற மீன்

பல் துலக்கிக்கொண்டே வந்து ஆக்சிலியா தொட்டி விளக்கைப் போட்டபோது, மீனின் உடம்பில் ஒரு வட்டம் அறுந்திருந்தது. கருநீல உடம்பு, அதில் வெள்ளைக் கோட்டில் வட்டத்துக்குள் வட்டம். அவள் கணவன் அந்தோணி பிரகாஷ் கத்தாருக்குப் போகிறதற்கு முன்னால், தான் வேலை பார்த்த ஓசூர் வண்ணமீன் கடையிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன ஒற்றை மீன். இப்போது அதன் விலாப்பக்கத்து வட்டம் ஈரக் கையால் அழித்த கோலம் போலக் கலங்கியிருந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றாள். முதலில் நினைவுக்கு வந்தது உப்புதான்.

மாரண்டஹள்ளியில் கடல் மீன் வளர்ப்பது லேசில்லை. போர் தண்ணீர் ஆகாது. கேன் தண்ணீர் வாங்கி, அதற்கென்று விற்கிற கடல் உப்பைக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். போன வாரம் அந்த உப்பு தீர்ந்துபோயிற்று. கோயிலிலிருந்து மாமியார் அருள்ராணி மந்திரித்த உப்பு ஒரு பாக்கெட் கொண்டுவந்து, “வாசல்ல கொஞ்சம் தூவு, மூலைக்கு மூலை கொஞ்சம் போடு” என்று கொடுத்திருந்தார். உப்பு உப்புதானே, அதிலும் ஃபாதர் கைபட்டது, நல்லதுதானே செய்யும் என்று பாக்கெட்டை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டிருந்தாள்.

அந்நேரத்துக்கு அவள் போன் செய்ததே இல்லை. ராத்திரியில் அவன்தான் கூப்பிடுவான். “சாப்டியா?” “ம். நீங்க?” “ம். அம்மா?” “நல்லாருக்காங்க.” அதற்குப் பிறகு அவன் அறை மின்விசிறி சத்தத்தை இவளும், இவள் தொட்டியில் காற்றுக்குழாய் கொப்பளிக்கிற சத்தத்தை அவனும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். “சிக்னல் சரியில்ல” என்று யாராவது ஒருவர் சொல்லி வைத்துவிடுவார்கள். சிக்னல் நன்றாகத்தான் இருக்கும்.

அன்று காலையில் இவளே கூப்பிட்டதும், “என்னாச்சு? அம்மாவுக்கா?” என்றான் பதறி.

“மீனுங்க. அத்தை குடுத்த சாமி உப்பப் போட்டு நான்தான் கெடுத்துட்டேன்.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“சாமி உப்பையா போட்ட? எவ்ளோ?”

“ஒரு பாக்கெட்டு.”

அவன் சிரித்தான். அவன் சிரிப்பு எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. “அப்ப மீனுக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சு. பேரு வெக்கறதுதான் பாக்கி. காட்டு, பாக்கலாம்.”

காட்டினாள். வெகுநேரம் பார்த்தான். “உப்பால இல்லம்மா. சில மீனுங்க வளர வளர நெறம் மாத்தும்.”

“அப்ப இது என்ன மீனு?”

கொஞ்சம் தயங்கினான். “அதான் தெரியல. குட்டியில நெறைய ஜாதி ஒரே மாதிரி இருக்கும். தெனமும் காட்டு. கண்டுபிடிச்சிரலாம்.”

அன்றிலிருந்து மெடிக்கலில் வேலை முடிந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முதுகில் ஒரு மஞ்சள் கீற்று. “எந்தப் பக்கமா ஓடுது?” என்பான் அவன். “படுக்கை வசமா.” “அப்படியா? இரு, யோசிக்கறேன்.” யோசிக்கிற இடைவெளியில் அவன், பக்கத்துக் கட்டில்காரன் குறட்டையைச் சொல்வான், இவள், மாத்திரை வாங்க வந்து தன் மருமகள் குறையைச் சொல்லிவிட்டு மாத்திரையை மறந்துபோன பாஞ்சாலி அக்காவைச் சொல்வாள். தோட்டத்து வீட்டிலிருந்து கீரையோடு வந்த அருள்ராணி ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, “பேசுங்க, பேசுங்க. இந்த வூட்டுல ஓடி வெளையாடறது அது ஒண்ணுதான்” என்றார். ஆக்சிலியா கீரைக்கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு இருந்த பயம் வேறு. மீனின் பெயர் தெரிந்துவிட்டால் அப்புறம் எதைப் பேசுவது? மறுபடியும் “சாப்டியா”தானா?

உப்பு வாங்க ஓசூர் போனாள். கடையை இப்போது பார்த்துக்கொள்வது மாதேஸ்வரன். பிரகாஷோடு வேலை செய்தவன். மீனை அவள் போனில் பார்த்ததும், “அடடே, எம்பரர் ஏஞ்சல்! நல்லா வளத்திருக்கீங்க அண்ணி. இனிமே உடம்பெல்லாம் மஞ்சக் கோடா வரும். கடைசியா கண்ணுக்குக் குறுக்க கருப்புப் பட்டை, முகமூடி போட்டாப்பல. அதோட சரி, அப்புறம் மாறாது” என்றான்.

“குட்டியில தெரியாதாமே? எல்லாம் ஒரே மாதிரி இருக்குமாமே?”

“யாரு சொன்னது? இந்தச் சாதிக்கு மட்டும் வாலுகிட்ட வட்டம் முழுசா மூடியிருக்கும். எனக்கு அதச் சொல்லிக் குடுத்ததே பிரகாஷ் அண்ணன்தான். இதே மீனு வேணும்னு சொல்லிவெச்சி வாங்கிட்டுப் போனாரு.”

பஸ்ஸில் உப்பு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. தெரிந்துகொண்டே தினமும், ‘இரு, யோசிக்கறேன்’ என்றிருக்கிறானே. என்னை என்னவென்று நினைத்தான்? ராயக்கோட்டையில் தக்காளிக் கூடைகள் ஏறின. பஸ் மறுபடி கிளம்பியபோது, கத்தாரில் கட்டில் விளிம்பில் போனைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த மீனைத் தெரியாத மீன் போலப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனை அவள் நினைத்துக்கொண்டாள். அப்புறம் மூட்டை அத்தனை கனமாகத் தெரியவில்லை.

அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. வட்டங்கள் போன இடம் தெரியவில்லை. வெயில் காலம் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம் அவள் வந்து விளக்கைப் போட்டாள். மீன் பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டியது. கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டை, மை தீட்டியதுபோல அழுத்தமாக.

போன் அடித்தது.

“ஆக்சி, கண்ணுகிட்ட கருப்பா எதுனா வந்துச்சா?” கேட்டுவிட்டு நிறுத்தினான். “இல்ல, சும்மா கேட்டேன்.”

அவள் தொட்டியைப் பார்த்தாள். “அதெல்லாம் ஒண்ணும் வரலீங்க. வட்டம்கூட இன்னும் பாதி இருக்குது.”

“காட்டேன்.”

மீன் இல்லாத மூலையாகப் பார்த்து, வெறும் பாறைக்கு நேராகப் போனைத் திருப்பினாள். அந்நேரம் பார்த்து மீன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கண்ணாடியை ஒட்டி நின்றது. திரை முழுக்க அதன் முகம். மஞ்சள், நீலம், நடுவே அந்தக் கருப்புப் பட்டை. அவள் கையை நகர்த்த மறந்துவிட்டாள்.

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இருட்டா இருக்கும்மா” என்றான் மெதுவாக. “ஒண்ணும் சரியாத் தெரியல. நாளைக்குக் காட்டு.”

“சரிங்க” என்றாள்.

தொட்டி விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. மீன் வாயைத் திறந்து மூடியபடி, போனுக்கு நேராக அசையாமல் நின்றது.